கரைத்து ஊற்றியது

மாங்கொல்லைக் கீழத்தெருவில் பால் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அது மாட்டின் மடியிலிருந்து வருவதல்ல. சாணியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டக்கூட மெனக்கெடாமல், கொட்டாங்கச்சியில் மொண்டு, வேலைக்குப் பிந்தி வந்த பண்ணையாளின் வாயில் ஊற்றுவார்கள். ஊற்றியவர்கள் அதற்குச் சாணிப்பால் என்று பெயர் வைத்தார்கள். குடித்தவர்களுக்கு முழுப் பெயரைச் சொல்ல வாய் கூசியது; பால் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்னாருக்குப் பால் ஊற்றிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் தெரு அடங்கிப்போகும். மேற்கொண்டு ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். நிஜப் பால் அந்தத் தெருவுக்கு வந்ததே இல்லை, அதனால் குழப்பமும் இல்லை.

வேம்பு அதைக் கண்ணால் பார்த்தவள். அவள் அப்பன் வீரையன் ஒரு நாள் மடை திறக்கப் பிந்திவிட்டான். மகளுக்குக் காய்ச்சல், அதனால் பிந்தினான். அந்த மகள் வேம்புதான். களத்துமேட்டில் அவனை உட்கார வைத்துப் பெரிய மிராசுதார் ஊற்றச் சொன்னார். காய்ச்சல் விட்டு எழுந்து அப்பனைத் தேடிப் போன சிறுமி, வைக்கோற்போர் ஓரத்தில் நின்று முழுசாகப் பார்த்தாள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் வீரையன் யார் எதிரிலும் சாப்பிட்டதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பான்.

பிறகு சட்டம் வந்தது, சங்கம் வந்தது, சாணி கரைப்பது நின்றது. பெரிய மிராசுதார் போய்ச் சேர்ந்து, அவர் மகன் சிங்காரவேலு மிராசுதார் ஆனார். சொல் மட்டும் தெருவில் தங்கிவிட்டது. வேம்பு தன் மகள் தங்கம்மாளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்: நாற்று முடி கட்ட, நண்டு வளையில் கைவிட, கூப்பிடுகிற குரலை வைத்தே ஆள் கோபமாக இருக்கிறானா என்று கண்டுபிடிக்க. இந்த ஒரு சொல்லின் அர்த்தத்தை மட்டும் சொல்லவில்லை. அது தன்னோடு ஒழியட்டும் என்று நினைத்தாள்.

ஆட்சி மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிங்காரவேலுவின் வேட்டிக் கரையும் மாறியிருந்தது. நேற்றுவரை ஒரு கட்சி, இன்றைக்கு வேறு கட்சி. கரைதான் மாறிற்றே தவிர வேட்டிக்குள் இருந்த ஆள் அதே ஆள். ஊராட்சித் தலைவரும் அவர், பள்ளிக்கூட மதிய உணவுக் கமிட்டிக்குத் தலைவரும் அவர். சம்பா நடவுக்குக் கூலியில் அரைப்படி நெல் சேர்த்துக் கேட்டது கீழத்தெரு. தர முடியாது என்றார். நாற்றங்காலில் இறங்க மாட்டோம் என்றார்கள். வெளியூர் ஆளை இறக்குவேன் என்றார். அன்றோடு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறும் நின்றது. அரிசி அவர் வீட்டு நன்கொடை, கேட்பாரில்லை.

வேலைநிறுத்தம் நீண்டது. தெருவில் அடுப்பு எரிவதே அபூர்வம் ஆயிற்று. வாய்க்காலில் நத்தையும் நண்டும் இருந்ததால் பிள்ளைகள் உயிரோடு இருந்தன. மழை பிடித்து வாய்க்கால் நிறைந்து ஓடியபோது அதுவும் அகப்படவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஜீப் ஊருக்குள் வந்துபோனது. அதில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார் என்றும், மேலத்தெருவில் மாலை போட்டார்கள் என்றும், ஏதோ திறந்துவைத்தார்கள் என்றும் கீழத்தெருவுக்குக் காதுவழிச் செய்தி வந்தது. வெட்டியான் தமுக்கு அடித்துக்கொண்டு வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்தான், திரும்பிப் போய்விட்டான். பாலம் தாண்டி அடிக்கச் சொல்லி அவனுக்கு உத்தரவில்லை.

மறுநாள் தங்கம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் வாசலிலேயே குந்தி வாந்தி எடுத்தாள். மஞ்சளும் பழுப்புமாக, கொழகொழவென்று வந்தது. வேம்பு நெற்றியைப் பிடித்துக்கொண்டு என்னத்தைத் தின்றாய் என்று கேட்டாள்.

“தின்னலம்மா. பாலு ஊத்துனாங்க,” என்றாள் தங்கம்மாள். “நம்ம தெருப் புள்ளைங்கள வரிசையா வெயில்ல குந்த வச்சு, கரைச்சு ஊத்துனாங்க.”

வேம்புவுக்குக் காது அடைத்தது. மகள் மேலும் என்னவோ சொன்னாள், ஒன்றும் ஏறவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. பெரியவர்கள் மேல் கை வைத்தால் சங்கம் கேட்கும், போலீஸ் வரும், கோர்ட்டு வரும். அதனால் பிள்ளைகளைப் பிடித்துவிட்டான். அப்பன் செய்ததை மகன் செய்கிறான், அதுவும் பள்ளிக்கூடத்தில் வைத்து. இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. கீழத்தெருவில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

அவள் புருஷன் முருகையன் சங்கக் கூட்டத்துக்குத் திருவிடைமருதூர் போயிருந்தான். அவன் வந்தபின் கலந்து பேசலாம் என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் சொல்லிப் பார்த்தாள். வேம்பு மறுநாள் மத்தியான மணி அடிக்கிற நேரத்துக்குச் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள்.

பள்ளிக்கூடக் கொல்லையில் அடுப்பு மூட்டி அண்டா ஏற்றியிருந்தது. சமையல்காரி பூவம்மாள் அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தாள். மேலத்தெருப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் இருந்தார்கள். கீழத்தெருப் பிள்ளைகள் வெயிலில், வேலியோரம், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். அண்டாவில் மஞ்சளும் பழுப்புமாக அதே நிறம் கொதித்துக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் வேம்பு எதையும் பார்க்கவில்லை. அடுப்பில் கிடந்த விறகுக்கட்டையை உருவி அண்டாவின் கழுத்தில் கொடுத்து நெம்பினாள். நல்லவேளை, அண்டா சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தது. யார் மேலும் படவில்லை. பூவம்மாள் அலறிக்கொண்டு ஓடினாள். எவன் குடிக்கச் சொன்னானோ அவனே வந்து நக்கிக் குடிக்கட்டும் என்று வேம்பு கத்தியது மேலத்தெரு முனைவரை கேட்டது. இன்னும் என்னென்னவோ கத்தினாள். முப்பது வயசு வரைக்கும் தொண்டைக்குள்ளேயே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

தலைமையாசிரியர் நடராசன் பிரம்பும் கையுமாக ஓடி வந்தார். பிரம்பை அவளிடம் காட்ட அவருக்குத் தைரியம் இல்லை. அது மாவு என்றார். சோளமும் சோயாவும் பால் பவுடரும் கலந்து அரைத்த மாவு, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது, ஏழைப் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று அந்த தேசமும் நம் சர்க்காரும் பேசி ஒப்பந்தம் போட்டு அனுப்புகிறார்கள், சர்க்கரைகூடப் போட்டிருக்கிறது என்றார். வேம்பு நம்பவில்லை. வாத்தியார் வாய் மிராசுதார் வீட்டில் அடகு வைத்த வாய் என்பது அவளுக்குத் தெரியும்.

நம்ப வைத்தவன் வேறு ஒருத்தன். ரெங்கம்மாளின் சின்னப் பையன் வரிசையிலிருந்து எழுந்து வந்தான். மண்ணில் ஓடிக்கொண்டிருந்ததை விரலால் வழித்து, மண்ணோடு சேர்த்து நக்கினான். பிறகு இன்னொரு தரம் வழித்தான். அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் எழுந்து வந்து குனிந்துவிட்டன. வழித்து நக்குகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

வேம்புவின் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது. பட்டினிக்காரக் குடலில் ஒரே நாளில் இவ்வளவு ஊற்றினால் வாந்திதான் வரும். அதுகூடத் தெரியாமல் போயிற்றே. தங்கம்மாள் மட்டும் எழுந்து வரவில்லை. வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று சிங்காரவேலுவுக்கு. அன்று சாயங்காலமே வாத்தியாரைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லி அனுப்பினார். தானமாக வந்த அன்னத்தைக் கவிழ்த்த தெருவுக்கு இனி ஒரு கரண்டி கிடையாது. கவிழ்த்தவள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, அதே மாவைக் கரைத்து ஊற்றுவதைக் குடித்துவிட்டுப் போகட்டும். குடித்தால் அவள் தெருப் பிள்ளைகளுக்கு மறுபடி உண்டு. அது சாணியில்லை, சாப்பாடு என்று அவள் வாயாலேயே ஊருக்குத் தெரியட்டுமே என்றாராம்.

இதைச் சொல்ல வாத்தியார் பாலத்தில் வந்து நின்றார். வேம்புவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் தயங்கினார். மூட்டையெல்லாம் மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகை அறையில்தான் இருக்கிறது, பாதிக்குமேல் தவிட்டோடு கலந்து கறவை மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது, மிச்சத்தைத்தான் நிறையத் தண்ணீர் விட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கரைக்கிறோம் என்றார். நான் என்ன செய்யட்டும் என்று அவளையே கேட்டார். செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள் எல்லாரும் இப்படித்தான் அடுத்தவரைக் கேட்பார்கள்.

அந்த மாவை நினைக்க நினைக்க வேம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் யாரோ விதைத்து, யாரோ அரைத்து, கப்பலேற்றி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்ததற்கு இந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டத்தான் முடியவில்லை. மூட்டையின் மேல் இரண்டு கை குலுக்கிக்கொள்ளும் படம் போட்டிருக்கிறதாம். அதிலிருந்து எடுத்துக் கரைத்ததைத்தான், கைபட்டுவிடுமோ என்று முழ உயரத்திலிருந்து கீழத்தெருப் பிள்ளைகள் தட்டில் ஊற்றுகிறார்கள்.

முருகையன் திரும்பி வந்து கேட்டதும் குதித்தான். போகக் கூடாது, போனால் சங்கத்தின் மானமே போயிற்று என்றான். அவனோடு சங்கத் தலைவர் அப்துல் அஜீஸும் வந்திருந்தார். நல்ல மனுஷன், பசித்த முகங்களைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். கலெக்டருக்கு மனு எழுதிக் கொண்டு போகிறேன், நடவடிக்கை வராமல் விடமாட்டேன் என்றார். எப்போது வரும் என்று வேம்பு கேட்டாள். ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றார் அவர். பெரியவர்களின் மானம் ஒரு மாதம் பொறுக்கும். பிள்ளை வயிறு எந்த ஆபீஸுக்குப் போய்க் காத்திருக்கும்?

தெருவில் ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரெங்கம்மாளின் பையன் மத்தியானம் ஆனால் போய்ப் பள்ளிக்கூட வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மாவு வேகிற வாசனை வேலிக்கு வெளியேயும் வருகிறதல்லவா. தங்கம்மாள் அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

வேம்புவுக்குக் குடிப்பதில் பயமில்லை. மாவுதான், குடித்தால் செத்துப்போக மாட்டாள். தங்கம்மாள் பார்ப்பாளே என்பதுதான் பயம். வைக்கோற்போர் ஓரத்தில் நின்று தான் பார்த்ததைத் தன் மகளும் பார்ப்பாள். ஆயுசுக்கும் அது கண்ணில் நிற்கும். குடிக்காவிட்டால் தெருப் பிள்ளைகள் பட்டினி, குடித்தால் மகள் நெஞ்சில் ஒரு முள். இப்படி ஒரு கணக்கைப் போட்டவனை என்ன செய்தால் தகும் என்று பல்லைக் கடித்தாள். கடைசியில் பசிதான் பெரிது என்று முடிவு செய்தாள். முருகையனிடம் சொன்னபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் போகிறாள் என்று தெரிந்து தெருப் பெண்கள் கூடவே கிளம்பினார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. தனியாக விடக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகளும் பின்னால் போயின.

பள்ளிக்கூடக் கொல்லையில் சிங்காரவேலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தெருப் பிள்ளைகளையும் பார்க்கிற மாதிரி நிற்க வைத்திருந்தார்கள். அண்டா நிறைய மாவு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் கெட்டியாகவே காய்ச்சச் சொல்லியிருந்தார், ஊரே பார்க்கிறதே. வேம்புவுக்கு ஊற்ற டம்ளர் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“உங்க அப்பன் ஒரே மடக்குல குடிச்சான்,” என்றார். “நான் சின்னப்புள்ளையா நின்னு பாத்தேன்.”

ஆக, அவருக்கும் நினைவிருந்தது. வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம் இவரும் நின்றிருக்கிறார். அத்தனை வருஷமும் அவளுக்குத் தீயாகக் கிடந்தது அவருக்குத் தித்திப்பாகக் கிடந்திருக்கிறது. வேம்பு தங்கம்மாளைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகக் குனிந்து கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினாள். பூவம்மாள் ஊற்றினாள். வேம்பு கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

இனித்தது.

அவள் அதை எதிர்பார்க்கவே இல்லை. வெல்லம் போட்ட கஞ்சி மாதிரி, அதைவிடக் கொழுப்பாக, சூடாக, நாக்கிலிருந்து வயிறு வரைக்கும் இதமாக இறங்கியது. சரியாகச் சாப்பிட்டு எத்தனையோ நாளான உடம்பு அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல சாப்பாட்டையா தண்டனை ஆக்கினான்? கசந்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கண்ணைத் திறந்தபோது அவளுக்கு மானமும் இல்லை, பயமும் இல்லை, பசி மட்டும்தான் இருந்தது. காலிக் கொட்டாங்கச்சியைப் பூவம்மாளிடம் மறுபடி நீட்டினாள்.

“இன்னொன்னு ஊத்துங்க.”

பூவம்மாள் மிராசுதாரைப் பார்த்தாள். கொழுப்பைப் பார் என்று அவர் பல்லைக் கடித்தார்.

“கொழுப்பு இல்லிங்க, பசி,” என்றாள் வேம்பு. “ஒருத்தி தப்புக்கு ஒரு கொட்டாங்கச்சி போதுமா? நான் கவுத்தது முழு அண்டாங்க.”

ரெங்கம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் முன்னால் வந்து, விறகை எடுத்துக் கொடுத்தது நான்தான், எனக்கும் ஊற்றச் சொல்லுங்கள் என்றாள். அன்றைக்கு அவள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நானும் நெம்பினேன் என்றாள். பிறகு வரிசையே நின்றுவிட்டது. கவிழ்த்த அன்றைக்கு வராத பெண்கள் எல்லாரும் வந்ததாகச் சத்தியம் செய்தார்கள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, மனசுக்குள் நெம்பியதற்கும் தண்டனை உண்டுதானே என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது. எல்லாருக்கும் பசி, எல்லாரும் கையை ஏந்தி நின்றார்கள்.

பூவம்மாள் ஊற்றினாள். ரெங்கம்மாளுக்கு ஊற்றினாள், அடுத்தவளுக்கு ஊற்றினாள். அண்டா இறங்க இறங்க சிங்காரவேலுவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் பட்டினி போட்டுப் பணிய வைக்க நினைத்த தெரு, அவர் கண் முன்னாலேயே, அவர் உத்தரவின்படியே வயிறு நிறைத்துக்கொண்டிருந்தது.

“நிறுத்துடி,” என்று எழுந்துவிட்டார். “இவளுங்க குடிக்கவா வந்துச்சு? புள்ளைங்களுக்கு வந்த சாப்பாடு இது!”

மேலத்தெருப் பிள்ளைகள்கூட அவரையே பார்த்தன. தான் சொன்னது என்னவென்று அவர் காதில் விழுவதற்குள், வேம்பு திரும்பித் தங்கம்மாளின் கையைப் பிடித்து இழுத்து அண்டாவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

“புள்ளைங்களுக்குத்தானே? இந்தா நிக்கிதுங்க. ஊத்துங்க,” என்றாள்.

வாத்தியார் நடராசன் தொண்டையைக் கனைத்தார். சர்க்கார் உத்தரவு அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்றுதான் இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. பூவம்மாள் மிராசுதார் பக்கம் திரும்பவில்லை. அகப்பையை அடிவரைக்கும் விட்டு மொண்டு தங்கம்மாள் தட்டில் ஊற்றினாள். அவசரத்தில் உயரத்திலிருந்து ஊற்ற மறந்துபோனாள். சிங்காரவேலு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வேம்பு கடைசிப் பிள்ளை குடித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று ரெங்கம்மாள் தோளைத் தட்டினாள். வேம்புவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நாளைக்கு அவன் வேறு வழி பார்ப்பான். அரைப்படி நெல்லுக்கு இன்னும் பதில் இல்லை. வெளியூர் ஆள் லாரியில் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வழி முழுக்க அவள் வாயில் அந்த இனிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பிப் பார்த்தாள், போகவில்லை.

வாசலில் முருகையன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்காமலே, குடித்தாயா என்று கேட்டான்.

“குடிச்சேன்,” என்றாள் வேம்பு. “தேனாட்டம் இனிக்குதுய்யா. அத மாட்டுக்கு வச்சிட்டுத்தான் எம்புள்ளைக்கு இல்லேன்னிருக்கான்.”